நூறு பைசாவின் எடை: சின்னக் காசுகளைப் புரிந்துகொள்ள ஒரு தொடக்கம்

எங்கள் நாணயச் சங்கத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நயா பைசா, அதாவது 'புதிய பைசா', வரிசையைப் பற்றிப் பேச ஒப்புக்கொண்டிருக்கிறேன். 1957 முதல் 1963 வரை ஆண்டு பொறித்து வெளிவந்த காசுகள் இவை. எளிதில் கிடைக்கும், விலையும் அதிகமில்லை என்பதால் பெரும்பாலான சேகரிப்பாளர்கள் இங்கிருந்துதான் தொடங்குகிறார்கள்.

இந்தக் காசுகளைப் பற்றிய பேச்சு எங்கே கேட்டாலும் மூன்று வாக்கியங்கள் கட்டாயம் வரும். "அந்தக் காலத்தில் காசு கனமாக இருந்தது, பிறகு மட்டமாகிவிட்டது." "யாரும் வாங்குவதில்லை என்பதால் பைசாவை அரசு நிறுத்திவிட்டது." "பழைய காசு என்றால் லட்சக்கணக்கில் போகும்." மூன்றாவது தவறு. முதலிரண்டும் பாதி உண்மை. காரணத்தைச் சொல்லாமல் விட்டுவிடுகின்றன. அந்தக் காரணத்தைத்தான் இங்கே விளக்கப் போகிறேன். அது புரிந்துவிட்டால், ஒரு காசு ஏன் சதுரமானது, ஏன் அலுமினியமானது, ஏன் மறைந்தது என்பதெல்லாம் ஒரே கதையாகச் சேர்ந்துவிடும்.

செருப்பு டோக்கனில் இருந்து தொடங்குவோம்

கோயில் வாசலில் செருப்பை விட்டால் எண் போட்ட பித்தளை வில்லை ஒன்றைத் தருவார்கள். அந்த வில்லைக்கென்று பெரிய விலை எதுவும் கிடையாது. அதைக் கொடுத்தால் செருப்பு திரும்பக் கிடைக்கும் என்ற உறுதிதான் அதன் மதிப்பு. இப்போது அந்த வில்லையில் இருக்கும் பித்தளை, செருப்பைவிட விலை உயர்ந்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். சிலர் செருப்பை விட்டுவிட்டு வில்லையோடு வீட்டுக்குப் போய்விடுவார்கள். மாலைக்குள் கடைக்காரரிடம் வில்லையே மிஞ்சாது.

சின்னக் காசும் இப்படித்தான். அதற்கு இரண்டு மதிப்புகள் உண்டு. மேலே எழுதியிருக்கும் தொகை முக மதிப்பு. அதை உருக்கினால் கிடைக்கும் உலோகத்தின் விலை உலோக மதிப்பு. உலோக மதிப்பைவிட முக மதிப்பு கூடுதலாக இருக்கும்படி அரசு வெளியிடும் காசுக்கு அடையாள நாணயம் என்று பெயர். உலோகச் செலவும் அச்சடிக்கும் செலவும் போக அரசுக்கு மிஞ்சுவது நாணய ஆதாயம். இந்த நான்கு சொற்கள் போதும். இனி வருவதெல்லாம் இவற்றை வைத்தே புரியும்.

அடையாள நாணயம் என்றால் ஏதோ ஏமாற்று வேலை என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. சில்லறைக் காசு மக்கள் கையில் தங்க வேண்டுமானால் அது அடையாள நாணயமாக இருந்தே ஆக வேண்டும். உலோகம் விலை கூடிய காசு புழங்காது. உருக்கும் உலைக்குப் போய்விடும்.

தராசை எடுப்போம்

உரையில் ஆண்டுகளையும் மன்னர் பெயர்களையும் ஒப்பிப்பதற்குப் பதிலாக ஒரே ஒரு கேள்வியைக் கடைசி வரை கொண்டுபோகப் போகிறேன்: ஒரு ரூபாய்க்குரிய சில்லறையை அந்தந்தக் காலத்தின் சிறு காசாக எடுத்து நிறுத்தால் என்ன எடை வரும்?

பழைய கணக்கை முதலில் நினைவுபடுத்திக்கொள்வோம். ஒரு ரூபாய்க்கு 16 அணா. ஓர் அணாவுக்கு நான்கு காலணா. ஒரு காலணாவுக்கு மூன்று பை. நம் ஊரில் தம்பிடி என்று சொன்னது இதைத்தான். ஆக, ரூபாய்க்கு 64 காலணா, 192 தம்பிடி.

1835-இல் கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஆட்சிப் பகுதிகளுக்கு ஒரே சீரான நாணய முறையைக் கொண்டுவந்தபோது, செம்புக் காலணாவின் எடை 100 கிரெயின், அதாவது சுமார் 6.48 கிராம். அறுபத்து நான்கு காலணாவைச் சேர்த்தால் கிட்டத்தட்ட 415 கிராம் செம்பு. தம்பிடியாக எடுத்தாலும் அதே 415 கிராம்தான், ஏனென்றால் அதன் எடையைச் சரியாகக் காலணாவில் மூன்றில் ஒரு பங்காக வைத்திருந்தார்கள். அந்தக் காலணாவை உள்ளங்கையில் வைத்தால் இப்போதைய ரூபாய்க் காசைவிடக் கனமாக இருக்கும். அப்போதும் சட்டம் அதை முழுப் பணமாக ஏற்கவில்லை. செம்புக் காசு ரூபாயின் பின்னத்துக்கு மட்டுமே செல்லும், முழு ரூபாய்க் கடனைச் செம்பாகக் கொண்டுவந்து கொட்ட முடியாது என்று 1835-ஆம் ஆண்டுச் சட்டமே வரையறுத்தது. உண்மையான பணம் வெள்ளி ரூபாய். செம்பு அதன் பின்னத்தைக் குறிக்கும் அடையாளம்.

1906-இல் செம்பு போய் வெண்கலம் வந்தது. செம்போடு சிறிது வெள்ளீயமும் துத்தநாகமும் சேர்ந்த கலவை அது. காலணாவின் எடை 75 கிரெயினாக, அதாவது 4.86 கிராமாகக் குறைந்தது. ஒரு ரூபாய்ச் சில்லறை இப்போது 311 கிராம்.

அடுத்து இரண்டாம் உலகப் போர். செம்பு துப்பாக்கித் தோட்டாவுக்கும் பீரங்கிக் குண்டுக்கும் தேவைப்பட்ட காலம். 1943-இல் ஓட்டைக் காலணா வந்தது. பாட்டி வீட்டு டப்பாவில் பலரும் பார்த்திருப்பார்கள்: நடுவில் வட்டமான பெரிய துளை, ஒரு பக்கம் துளையைச் சுற்றி இலை வளையம், மறுபக்கம் மேலே கிரீடம், ஆண்டு. மன்னரின் தலை மட்டும் இல்லை; துளை போன பிறகு அதற்கு இடமே இல்லை. எடை ஏறத்தாழ 2 கிராம். ஒரு ரூபாய்க்குச் சுமார் 128 கிராம். நூற்றுப் பத்து ஆண்டுகளுக்குள் அதே தொகையைச் சுமந்த உலோகம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது.

புதியவர்களுக்குக் காட்டுவதற்கு ஓட்டைக் காலணாவைவிடச் சிறந்த பொருள் எனக்குத் தெரியாது. உலோகத்தைச் சேமிக்கிறோம் என்ற செய்தியை அந்தத் துளை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறது. சுதந்திரத்துக்குப் பின் 1950-இல் வந்த குதிரை பொறித்த காலணாவில் துளை இல்லை; எடையும் ஏறத்தாழ 3 கிராமுக்கு உயர்ந்தது. அதனால் "காசு எடை குறைந்துகொண்டே வந்தது" என்று நேர்கோடாகச் சொல்லிவிடக் கூடாது. போர்க்காலத்தில் இறங்கியது, பிறகு சற்று ஏறியது, மறுபடி இறங்கியது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிச் சொன்னால்: சின்னக் காசின் மதிப்பு அதன் உலோகத்தில் இல்லை, ரூபாயோடு அதற்குள்ள விகிதத்தில் இருக்கிறது. அந்த விகிதத்தைச் சுமக்கும் உலோகம், விலைக்கும் தட்டுப்பாட்டுக்கும் ஏற்றபடி மாறுகிறது.

1957: நூறில் ஒரு பங்கு

1955-இல் நாணயச் சட்டம் திருத்தப்பட்டது. 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய் 100 பகுதிகளாகப் பிரிந்தது. பழைய காலணாவையும் மக்கள் பைசா என்று சொல்லிவந்ததால், குழப்பம் வராமலிருக்கப் புதியதற்கு நயா பைசா என்று பெயர் வைத்தார்கள். புதுமை பழகிய பிறகு, 1964 ஜூன் 1 முதல் 'நயா' நீங்கி வெறும் பைசா ஆனது.

ஒரு நயா பைசாவை உருப்பெருக்கியில் பாருங்கள். ஒரு பக்கம் அசோகச் சிங்கத் தூண். மறுபக்கம் பெரிய 1, அதோடு நாகரி எழுத்தில் "ரூபாயின் நூறில் ஒரு பங்கு" என்ற பொருள்படும் வரி. 16 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள காசில் இவ்வளவு நீளமான வாசகத்தைச் செதுக்கியிருக்கிறார்கள். நூறு என்ற கணக்கு மக்களுக்குப் புதிது. தன் விகிதத்தைக் காசே சொல்ல வேண்டியிருந்தது. அடையாள நாணயம் என்றால் என்ன என்பதற்கு இதைவிட நேரான விளக்கம் வேறெங்கும் கிடைக்காது. உரையில் இந்த ஒரு காசுக்கு மட்டும் ஐந்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறேன்.

மாற்றத்தின்போது ஏற்பட்ட இடைஞ்சலையும் சொல்லியாக வேண்டும். ஓர் அணா என்பது 6.25 நயா பைசா. கால் பைசாவுக்குக் காசு இல்லை. ஆகவே ஓர் அணாவுக்கு 6, இரண்டு அணாவுக்கு 12, மூன்று அணாவுக்கு 19, நான்கு அணாவுக்கு 25 என்று முழுமையாக்கிய அட்டவணை பின்பற்றப்பட்டது. ஓர் அணாப் பொருளை ஒவ்வொன்றாக நான்கு முறை வாங்கியவர் 24 கொடுத்தார். ஒரே முறையில் நான்கையும் வாங்கியவர் 25 கொடுத்தார். கடைகளில் இதைப் பற்றிச் சச்சரவு எழுந்ததில் வியப்பில்லை.

சின்னதுதான் முதலில் மறையும்

இப்போது கட்டுரையின் மையத்துக்கு வருகிறோம். ஒரே வரிசையில், ஒரே அரசு, ஏறத்தாழ ஒரே காலத்தில் வெளியிட்ட காசுகளை ஒரு ரூபாய் அளவுக்கு எடுத்து நிறுத்துப் பார்க்கலாம்.

ஒரு நயா பைசா வெண்கலம், 1.5 கிராம். நூறு காசு சேர்ந்தால் 150 கிராம். இரண்டு நயா பைசா, ஓரத்தில் வளைவுகள் கொண்டது, செம்பும் நிக்கலும் கலந்தது, சுமார் 3 கிராம். ஐம்பது காசுக்கு மீண்டும் 150 கிராம். சதுரமான ஐந்து நயா பைசா சுமார் 4 கிராம்; இருபது காசுக்கு 80. பத்து நயா பைசா 5 கிராம். பத்துக் காசுக்கு 50. நிக்கலில் அடித்த இருபத்தைந்து நயா பைசா 2.5 கிராம், நான்குக்கு 10. 1960-இல் சேர்ந்த ஐம்பது நயா பைசா 5 கிராம், இரண்டுக்கு 10.

150, 150, 80, 50, 10, 10. ஒரே ரூபாய்க்குச் சின்னக் காசில் பதினைந்து மடங்கு உலோகம் செலவாகிறது. நிக்கல் விலை உயர்ந்த உலோகம்தான். அதைக் கணக்கில் சேர்த்தாலும் சுமை பெரிதும் சின்னக் காசின் மேல்தான் விழுகிறது.

ஒரு பைசாவையும் அதே விகிதத்தில் சிறிதாக்கிவிடலாமே என்று கேட்கலாம். முடியாது. ஐம்பது பைசாவின் அளவுகோலில் ஒரு பைசா செய்தால் அதன் எடை 0.1 கிராம் இருக்கும். நாலைந்து அரிசிமணியின் எடை. விரலால் எடுக்க முடியாது, சட்டைப் பையில் தங்காது, எண்ணிக் கொடுக்க இயலாது. மனிதக் கை ஒரு கீழ் எல்லையை வைத்துவிடுகிறது. முக மதிப்பு எவ்வளவு இறங்கினாலும் காசின் அளவு ஓரளவுக்குக் கீழே இறங்க முடியாது. எந்த நாட்டிலும் மிகச் சிறிய காசு முதலில் நெருக்கடிக்கு உள்ளாவதற்கு இதுதான் அடிப்படைக் காரணம்.

எந்த உலோக விலையில் காசு தோற்கும் என்ற எல்லையைக் கண்டுபிடிக்கும் கணக்கு மிக எளிது. ஒரு கிலோ வெண்கலத்தில் சுமார் 666 நயா பைசா வரும். அதன் முக மதிப்பு ரூ.6.66. வெண்கலம் கிலோ ரூ.6.66-க்கு மேலே போகும் நாளில், அச்சடிக்கும் கூலியைக் கணக்கில் சேர்க்காமலேயே, காசு தன் உலோகத்திடம் தோற்றுவிடும். இந்த எல்லைத் தொகை மாறாது, ஏனென்றால் காசின் மேல் எழுதியது மாறாது. மாறுவது உலோக விலை. இந்தியாவுக்குச் செம்பு பெருமளவு வெளிநாட்டிலிருந்து வந்தது, நிக்கல் முழுவதும் இறக்குமதி. 1966 ஜூனில் டாலருக்கு ரூ.4.76 என்றிருந்த ரூபாய் ரூ.7.50 ஆக மதிப்புக் குறைக்கப்பட்டபோது, உலகச் சந்தையில் விலை அசையாவிட்டாலும் இங்கே அந்த உலோகங்களின் விலை கூடிவிட்டது.

மறுபடி ஒரு முறை: முக மதிப்பு அசையாத கோடு. உலோக மதிப்பு ஏறிக்கொண்டே வரும் கோடு. சின்னக் காசில் இந்த இரண்டுக்கும் இடையே உள்ள இடைவெளி தொடக்கத்திலேயே குறைவு. அதனால் அங்கேதான் முதலில் இரண்டும் சந்திக்கும்.

அலுமினியம் வந்த வழி

ஒரு நயா பைசா 1962-இல் வெண்கலத்திலிருந்து நிக்கல் பித்தளைக்கு மாறியது. செம்மை போய் மஞ்சள் நிறம் வந்தது. 1964-இல் அறுகோண வடிவத்தில் மூன்று பைசா அலுமினியத்தில் வெளியானது. 1965-இல் ஒரு பைசாவும் இரண்டு பைசாவும், 1967-இல் ஐந்து பைசாவும், 1971-இல் பத்துப் பைசாவும் அலுமினியத்துக்கு மாறின. மாற்றம் கீழிருந்து மேலே ஏறுகிறது என்பதைக் கவனியுங்கள். மேலே போட்ட கணக்கு சொல்லும் வரிசைதான் இது.

அலுமினியத்தின் அடர்த்தி செம்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. காசு கையில் பிடிக்கும் அளவிலேயே இருக்கும், எடை மட்டும் இறங்கும். சதுரமான அலுமினிய ஒரு பைசா சுமார் 0.75 கிராம், நூறு காசுக்கு 75 கிராம். ஒரு கிலோவில் 1,333 காசு, முக மதிப்பு ரூ.13.33. எல்லைக் கோடு இரு மடங்காக உயர்ந்தது, உலோகமும் மலிவு. "காசை மட்டமாக்கிவிட்டார்கள்" என்று குறைப்பட்டுக்கொள்பவர்களிடம் நான் இந்தக் கணக்கைத்தான் சொல்வேன். அந்த மாற்றம் இல்லாவிட்டால் பைசா இன்னும் பல ஆண்டு முன்னதாகவே போயிருக்கும்.

உருக்குவது வெறும் கற்பனைப் பயமும் அல்ல. சிறு நாணயங்களை உருக்குவதையும், உருக்குவதற்காகக் குவித்து வைப்பதையும் தடுக்க 1971-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்றியது. அதன் இடத்தில் இப்போது 2011-ஆம் ஆண்டின் நாணயச் சட்டம் இருக்கிறது. உருக்குவதற்கும் அழிப்பதற்கும் உள்ள தடை அதிலும் தொடர்கிறது. 2007-இல் இந்திய எஃகுக் காசுகள் எல்லை தாண்டி வங்காளதேசத்துக்குக் கடத்தப்பட்டு சவர பிளேடுகளாக மாறுகின்றன என்ற செய்தி பரவலாக வெளிவந்தது. செருப்பு டோக்கனோடு வீட்டுக்குப் போனவர்களைப் போலத்தான் இந்தக் கடத்தல்காரர்களும்.

அலுமினியமும் நிரந்தர மருந்தாக இருக்கவில்லை. அலுமினியம் இன்று கிலோ இருநூறு ரூபாய்க்கு மேல் போகிறது, ரூ.13.33 எங்கே, இது எங்கே. 1980-களின் இறுதியில் பத்து, இருபத்தைந்து, ஐம்பது பைசாக்கள் துருப்பிடிக்காத எஃகில் வந்தன. காண்டாமிருகம் பொறித்த இருபத்தைந்து பைசாவைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். கடைசியாக, 2011 ஜூன் 30 முதல் இருபத்தைந்து பைசாவும் அதற்குக் கீழ்ப்பட்ட எல்லாக் காசுகளும் செல்லாது என்று அறிவிக்கப்பட்டன. அதற்குப் பல ஆண்டு முன்பே கடைகளில் ஒன்று, இரண்டு, மூன்று பைசாக்களைக் காண முடியவில்லை. சில்லறைக்குப் பதில் மிட்டாய் கொடுக்கும் வழக்கம் வந்திருந்தது. சட்டம் இறுதிச் சடங்கை மட்டுமே செய்தது.

கூட்டத்தில் எப்படிக் காட்டுவது

நகைக்கடைகளில் இருப்பது போன்ற சிறிய மின்தராசு ஒன்றும், சாதாரணக் காந்தம் ஒன்றும் போதும். தராசில் முதலில் 1835-ஆம் ஆண்டுக் காலணா, அடுத்து ஓட்டைக் காலணா, பிறகு வெண்கல நயா பைசா, கடைசியில் அலுமினியப் பைசா. எண்கள் இறங்குவதைப் பார்வையாளர்களே உரக்கப் படிக்கட்டும்.

காந்தம் இன்னும் சுவாரசியம். நிக்கலில் அடித்த இருபத்தைந்து நயா பைசா காந்தத்தில் ஒட்டும். அதே வெள்ளை நிறத்தில் இருக்கும் ஐந்தும் பத்தும் ஒட்டாது. அவற்றில் முக்கால் பங்கு செம்பு. பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் இரண்டு காசுகள் வெவ்வேறு உலோகம் என்பதைச் சிறுவர்கள்கூட ஒரு நொடியில் கண்டுகொள்வார்கள். அலுமினியம் ஒட்டாது, எஃகு ஒட்டும்.

நாணயச்சாலைக் குறிகளுக்கு நான் அதிக நேரம் கொடுக்கப் போவதில்லை. ஆண்டுக்குக் கீழே வைரக் குறி இருந்தால் மும்பை, குறி இல்லாவிட்டால் கொல்கத்தா. பிளந்த வைரம், உள்ளே புள்ளி வைத்த வைரம், பிந்தைய காலத்தில் நட்சத்திரம் என்றால் ஹைதராபாத். தொடக்கத்துக்கு இவ்வளவு போதும். முதல் நாளே இதில் இறங்கினால் புதியவர்கள் காசை விட்டுவிட்டுப் புள்ளிகளைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

கட்டாயம் வரும் கேள்விகள்

"எங்கள் வீட்டில் ஒரு பை நிறையப் பழைய பைசா இருக்கிறது, எவ்வளவுக்குப் போகும்?" சேகரிப்பு மதிப்பு என்பது மூன்றாவது வகை மதிப்பு; அது முக மதிப்போடும் உலோகத்தோடும் சேராது. எவ்வளவு அரிது, எந்த நிலையில் இருக்கிறது, எத்தனை பேர் தேடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. கோடிக்கணக்கில் அச்சடித்துப் பல கை மாறித் தேய்ந்த காசுக்குப் பெரிய விலை கிடைக்காது. லட்சம் தருகிறோம், முதலில் கட்டணமோ வரியோ கட்டுங்கள் என்று அழைப்பவர்கள் ஏமாற்றுக்காரர்கள். தன் பெயரைப் பயன்படுத்தி நடக்கும் இந்த மோசடியைப் பற்றி ரிசர்வ் வங்கியே 2021-இல் எச்சரித்திருக்கிறது.

"தேய்த்துப் பளபளப்பாக்கலாமா?" வேண்டவே வேண்டாம். குத்துவிளக்குக்குப் புளி நல்லது. வெண்கலக் காசின் மேல் பல ஆண்டுகளாகப் படிந்த பழுப்பு நிறத்தைத்தான் சேகரிப்பாளர்கள் விரும்புகிறார்கள்; புளி அதை ஒரே நிமிடத்தில் அழித்துவிடும், பிறகு திரும்ப வராது.

"தாமரை போட்ட இருபது பைசாவில் தங்கம் இருக்கிறதாமே?" இல்லை. 1968 முதல் வந்த அந்தக் காசு நிக்கல் பித்தளை. மஞ்சள் நிறம் பித்தளையுடையது.

"ஐம்பது பைசா செல்லுமா?" செல்லும். 2011-இல் நிறுத்தப்பட்டது இருபத்தைந்து வரைதான். ஐம்பது பைசா இன்றும் சட்டப்படி செல்லத்தக்க பணம். ஆனால் ஒரே கொடுக்கல் வாங்கலில் பத்து ரூபாய் வரைதான், அதாவது இருபது காசு வரைதான், அதை வாங்கிக்கொள்ளும்படி சட்டம் சொல்கிறது. ஒரு ரூபாயும் அதற்கு மேற்பட்ட காசுகளும் ஆயிரம் ரூபாய் வரை செல்லும். 1835-இல் செம்புக் காலணாவுக்கு வைத்த அதே மாதிரியான வரம்பு இது. தொகை மட்டும் மாறியிருக்கிறது.